டிரெய்லர் சக்கர பேரிங்கை நாமே மாற்றலாம்

கரும்பு வெட்டும் நெல் அறுவடையும் தொடங்கிவிட்டால் டிராக்டர் டிரெய்லருக்கு ஓய்வு கிடையாது. குப்பை எரு, நெல் மூட்டை, வைக்கோல், கரும்பு என்று பாரம் மாறுமே தவிர சக்கரம் நிற்பதில்லை. டிராக்டர் எஞ்சினுக்கு மணிக்கணக்குப் பார்த்து ஆயில் மாற்றும் உழவர்கள்கூட, பின்னால் வரும் டிரெய்லரின் சக்கரத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. டயரில் காற்று இருக்கிறதா என்று ஒரு முறை உதைத்துப் பார்ப்பதோடு சரி.

கட்டை வண்டிக் காலத்தில் அப்படி இல்லை. வண்டி கட்டுமுன் கடையாணி இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்ப்பார்கள். வாரம் ஒரு முறை சக்கரத்தைக் கழற்றி, அச்சுக்கு மை போடுவார்கள். "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்ற பழமொழி அந்த அனுபவத்தில் பிறந்ததுதான். இன்று இரும்பு அச்சும் ரப்பர் டயரும் வந்துவிட்டன. ஆனால் குடத்துக்கும் அச்சுக்கும் இடையே உள்ள பொருள்தான் பாரம் முழுவதையும் தாங்குகிறது என்பது மாறவில்லை. அந்தப் பொருள்தான் பேரிங்.

இதைக் கழற்றிப் பார்த்து, சுத்தம் செய்து, தேவைப்பட்டால் மாற்றுவது ஒரு பகல் வேலை. கைப்பழக்கமும் பொறுமையும் உள்ள எவரும் தம் களத்துமேட்டிலேயே செய்யலாம். செய்யும் முறையில் ஒரு இடத்தில் மட்டும் பலரும் தவறுகிறார்கள். நானும் ஒரு முறை தவறியவன்தான். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பட்ட அனுபவம்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம். எங்கள் இரு சக்கர டிரெய்லரின் வலப்பக்கச் சக்கரம் லேசாக ஆடியது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். நட்டு தளர்ந்திருந்தது. "ஆட்டமே இருக்கக் கூடாது" என்று நீளமான குழாயை ஸ்பானரில் மாட்டி, முழுப் பலத்தோடு இறுக்கினேன். ஆட்டம் நின்றுவிட்டது. வேலை முடிந்தது என்று மகிழ்ந்தேன்.

மூன்றாம் நாள் இரவு கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகும் வழியில் கருகல் வாடை வந்தது. டிராக்டர் ஓட்டிய என் தம்பி மகன் எஞ்சினைத்தான் சந்தேகப்பட்டான். இறங்கிப் பார்த்தால் சக்கரத்தின் நடுவிலிருந்து புகை வந்தது. சக்கரம் மேற்புறம் உள்ளே சாய்ந்து நின்றது. பேரிங் உருளைகள் நொறுங்கி, அச்சு முனையே நீலம் பாரித்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் சக்கரம் அச்சோடு கழன்று ஓடியிருக்கும். எங்களுக்குச் சற்றுப் பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு குடும்பம் வந்துகொண்டிருந்தது. மடியில் ஒரு குழந்தை. அவர்கள் எங்களைக் கடந்து போனதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கை நடுக்கம் வந்தது.

பேரிங்கை இறுக்கினால் பாதுகாப்பு என்று நினைத்தேன். இறுக்கமே அதைக் கொன்றது. பூட்டாங்கயிற்றை எண்ணிப் பாருங்கள். தளர்ந்தால் மாடு நுகத்திலிருந்து நழுவும். இறுகினால் மாட்டின் கழுத்தை நெரிக்கும். பேரிங் நட்டும் அப்படித்தான். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

உள்ளே என்ன இருக்கிறது?

டிரெய்லர் சக்கரங்களில் பெரும்பாலும் இருப்பது கூம்பு உருளை பேரிங். டேப்பர் ரோலர் பேரிங் என்று கடையில் கேட்கலாம். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் குதிரை வண்டிகள் செய்துவந்த ஹென்றி டிம்கன் என்பவர் 1898ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆக, இது மோட்டாருக்காக அல்ல, வண்டிக்காகவே பிறந்த பொருள்.

வண்டிச் சக்கரத்துக்கு இரண்டு வகைப் பாரம் உண்டு. மேலிருந்து அழுத்தும் பாரம் ஒன்று. வளைவில் திரும்பும்போதும், வரப்பு ஏறி இறங்கும்போதும் பக்கவாட்டில் தள்ளும் விசை மற்றொன்று. உருளைகள் சாய்வாக அமைந்திருப்பதால் இந்த பேரிங் இரண்டையும் தாங்குகிறது.

ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு பேரிங்குகள் இருக்கும். உட்பக்கம் பெரியது, வெளிப்பக்கம் சிறியது. ஒவ்வொன்றும் இரண்டு பாகம். ஹப் என்னும் குடத்துக்குள் இறுக்கமாக அடித்துப் பொருத்தப்பட்ட வளையம் 'கப்'. உருளைகளும் அவற்றைப் பிடித்திருக்கும் கூடும் சேர்ந்து அச்சு முனையில் ஏறி உட்காருவது 'கோன்'. ஹப்பின் உட்பக்கத்தில் ஆயில் சீல் இருக்கும். கிரீஸ் வெளியே போகாமலும், சேறும் தண்ணீரும் உள்ளே வராமலும் காப்பது அது. வெளிப்பக்கத்தில் வாஷர், நட்டு, நட்டு கழலாமல் காக்கும் ஸ்பிளிட் பின், எல்லாவற்றுக்கும் மேல் தகர மூடி. அந்தச் சிறிய ஸ்பிளிட் பின்தான் இன்றைய கடையாணி.

பேரிங் சொல்லும் அடையாளங்கள்

பேரிங் திடீரென்று உடைவதில்லை. பல நாள் முன்பே சொல்லிவிடும். கேட்க நமக்குத்தான் நேரமில்லை.

1. வெறும் வண்டி ஓடும்போது சக்கரத்திலிருந்து எந்திரக்கல் அரைப்பது போன்ற உறுமல் வரும். வேகம் கூடினால் ஓசையும் கூடும்.

2. பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் புறங்கையை ஹப்புக்கு அருகே கொண்டு போங்கள். உடனே தொட வேண்டாம். வெதுவெதுப்பு இயல்பு. கை வைக்க முடியாத சூடு ஆபத்து. இரு பக்கமும் ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பிரேக் உள்ள டிரெய்லரில் பிரேக் உரசினாலும் சூடு வரும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

3. சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் வழிந்து, அதில் மண் ஒட்டியிருந்தால் சீல் போய்விட்டது என்று பொருள்.

4. சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, டயரின் மேற்புறம் ஒரு கையும் கீழ்ப்புறம் ஒரு கையும் வைத்து உள்ளும் வெளியுமாக அசைத்துப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் இருந்தால் கழற்றிப் பார்க்க வேண்டும். கையால் சுற்றும்போது மணல் நெரிவது போலக் கரகரத்தாலும் அப்படியே.

5. டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால், மற்றக் காரணங்களோடு பேரிங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பேரிங் ஏன் கெடுகிறது?

முதல் காரணம் தண்ணீர். நாற்றங்காலிலும் வாய்க்காலிலும் வண்டி இறங்காமல் இருக்க முடியாது. ஆனால் பலர் பாரம் இறக்கிவிட்டு வந்த சூட்டோடு டிரெய்லரை வாய்க்காலில் இறக்கிக் கழுவுகிறார்கள். ஓடிவந்த ஹப் சூடாக இருக்கும். அதனுள் இருக்கும் காற்றும் சூட்டில் விரிந்திருக்கும். குளிர்ந்த தண்ணீரில் மூழ்கியதும் அந்தக் காற்று சுருங்கும். சுருங்கும்போது சீலின் ஓரம் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். மறுநாள் கிரீஸ் மோர் போல வெளுத்துவிடும். பிறகு துரு. கழுவ வேண்டுமானால் ஹப் நன்றாக ஆறிய பிறகு, தண்ணீர் அச்சுக்கு எட்டாதபடி கழுவ வேண்டும்.

இரண்டாவது அதிகப் பாரம். உருளை பேரிங்குகளின் ஆயுளைப் பொறியாளர்கள் கணக்கிடும் முறை ஒன்று உண்டு. அதன்படி பாரம் கால் பங்கு கூடினால் பேரிங்கின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். பாரம் இரட்டிப்பானால் ஆயுள் பத்தில் ஒரு பங்காகிவிடும். ஒரு நடை மிச்சம் என்று கரும்பைக் கூடுதலாக ஏற்றுவோர் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, முன்பு சொன்ன தவறான இறுக்கம். நான்காவது, பொருந்தாத கிரீஸும் தூசி படிந்த கையும்.

தேவையான சாமான்கள்

நல்ல ஜாக்கி, கனமான மரக்கட்டைகள், முட்டுக் கொடுக்கக் கல் அல்லது ஆப்பு, வீல் ஸ்பானர், அச்சு நட்டுக்குப் பொருத்தமான ஸ்பானர், கட்டிங் பிளேயர், சுத்தியல், முனை மழுங்கிய பித்தளைக் கம்பி அல்லது மிருதுவான இரும்புக் கம்பி, டீசல் அல்லது மண்ணெண்ணெய், அகன்ற தட்டு இரண்டு, நூல் உதிராத பழந்துணி. இவற்றோடு சுத்தமான ஒரு சாக்கும் வேண்டும். கழற்றியதை மண்ணில் வைக்கக் கூடாது என்பதற்காகவே அந்தச் சாக்கு. கழுவுவதற்குப் பெட்ரோலைப் பயன்படுத்தவே வேண்டாம். பீடி, சிகரெட் அந்தப் பக்கமே வரக் கூடாது.

முதலில் உயிருக்குப் பாதுகாப்பு

டிரெய்லரில் ஒரு மூட்டைகூட இருக்கக் கூடாது. சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். டிராக்டரிலிருந்து கழற்ற வேண்டாம். இரு சக்கர டிரெய்லரைக் கழற்றிவிட்டுத் தூக்கினால் முன்னோ பின்னோ சாய்ந்துவிடும். எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, பார்க்கிங் பிரேக்கை மாட்டுங்கள். தூக்காத பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுங்கள்.

சக்கர நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திக்கொள்ளுங்கள். பிறகு ஜாக்கியை அச்சுக்கு அடியில், பட்டை வில்லுக்கு அருகே வைத்துத் தூக்குங்கள். தூக்கியதும் அச்சுக்கு அடியில் மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பாரத்தைக் கட்டைமேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கைகால்களை அடியில் நீட்டக் கூடாது. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் கட்டைக்கு மாற்று அல்ல. அவை எச்சரிக்காமல் நொறுங்கும். சிறு பிள்ளைகளை அருகே விடாதீர்கள்.

கழற்றும் முறை

சக்கரத்தைக் கழற்றி ஓரமாகப் படுக்க வையுங்கள். ஹப்பின் தகர மூடியை ஓரம் முழுவதும் மெதுவாகத் தட்டி எடுங்கள். ஸ்பிளிட் பின்னின் கால்களை நிமிர்த்தி உருவுங்கள். சில டிரெய்லர்களில் பின்னுக்குப் பதிலாக இரட்டை நட்டும், காது மடக்கிய வாஷரும் இருக்கும். காதை உளியால் நிமிர்த்திவிட்டு நட்டைக் கழற்ற வேண்டும். சில வண்டிகளில் ஒரு பக்க அச்சின் மரை எதிர்த் திசையில் வெட்டியிருக்கும். நட்டு அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டுமுன் மரையைப் பாருங்கள்.

நட்டும் வாஷரும் வந்ததும் ஹப்பைச் சற்று வெளியே இழுத்து மீண்டும் உள்ளே தள்ளினால் வெளி பேரிங் தானே முன்னால் வரும். கீழே விழாமல் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஹப்பை நேராக உருவுங்கள். பின்புறத்தில் உள்ள சீலை நெம்பி எடுத்தால் உள் பேரிங் கையோடு வரும். பழைய சீலை மறுபடியும் போடக் கூடாது.

வெளி பேரிங்கை ஒரு தட்டிலும் உள் பேரிங்கை மற்றொரு தட்டிலும் வையுங்கள். ஒவ்வொரு கோனும் தன் கப்போடு சேர்ந்தே பழகித் தேய்ந்திருக்கும். இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே நாளில் கழற்றினால் பாகங்கள் மாறிப்போகும். ஒன்றை முடித்துப் பூட்டிய பிறகே அடுத்ததில் கை வைக்க வேண்டும்.

கழுவிப் பார்த்தல்

பழைய கிரீஸ் ஒரு துளிகூட இல்லாமல் டீசலில் கழுவித் துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். கம்ப்ரசர் காற்றைப் பீய்ச்சிப் பேரிங்கைச் சுழலவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டாம். உருளை தெறித்தால் கண் போகும்.

வெயில் வெளிச்சத்தில் ஒவ்வொரு உருளையையும், கப்பின் உட்புறத்தையும் பாருங்கள். சீரான சாம்பல் நிறப் பளபளப்பு இருந்தால் நல்லது. அம்மைத் தழும்பு போன்ற குழிகள், செதில் உரிந்த இடம், துருப்புள்ளி, நீலம் அல்லது பழுப்பு நிறம், உருளை இடைவெளிக்கு ஒத்த வரிவரியான தடம், கூட்டில் வெடிப்பு இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றியே ஆக வேண்டும். கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் பேரிங் போய்விட்டது.

அச்சு முனையையும் பாருங்கள். கோன் அச்சின் மேலேயே சுழன்று, அச்சு தேய்ந்திருந்தால் புது பேரிங் போட்டும் பயன் இல்லை. சிலர் அச்சில் பஞ்சால் புள்ளி புள்ளியாக அடித்தும், தகரம் சுற்றியும் இறுக்கம் வரவழைக்கிறார்கள். இது சில நாள் ஏமாற்று வேலை. தேய்ந்த அச்சைத் தேர்ந்த லேத் பட்டறையில் காட்டி, சரிசெய்ய முடியுமா, முனையையே மாற்ற வேண்டுமா என்று கேட்டு முடிவு செய்யுங்கள். அச்சில் வெடிப்பு இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்கும் வேலையே வேண்டாம்.

கடையில் கவனிக்க வேண்டியவை

பழைய பேரிங்கை நன்றாகத் துடைத்து, அதில் பொறித்துள்ள எண்ணோடு கடைக்குப் போங்கள். எண் கோனில் ஒன்றும் கப்பில் ஒன்றுமாக இருக்கலாம். இரண்டையும் எடுத்துச் செல்வது நல்லது. மில்லிமீட்டர் வகை பேரிங்கில் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்துளையின் விட்டம் கிடைக்கும். உதாரணமாக 30208 என்ற எண்ணுள்ள பேரிங்கின் உள்துளை 40 மில்லிமீட்டர். 32211 என்றால் 55 மில்லிமீட்டர். அச்சை அளந்து பார்த்து எண் சரிதானா என்று வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கு அங்குல அளவு பேரிங்குகளுக்குப் பொருந்தாது.

கோன் மட்டும் கெட்டிருக்கிறது என்று கோனை மட்டும் வாங்காதீர்கள். பழைய கப்பில் புதுக் கோனைப் போட்டால் பழையதன் தழும்பு புதியதைத் தின்றுவிடும். கப்பும் கோனும் சேர்த்தே வாங்க வேண்டும். கூடவே சீலும் ஸ்பிளிட் பின்னும் புதிதாக வாங்குங்கள். போலி பேரிங்குகள் நடமாடுகின்றன. அச்சுத் தெளிவில்லாத அட்டைப்பெட்டி, அரைகுறையாகப் பொறித்த எண், நம்ப முடியாத மலிவு விலை இவற்றைக் கண்டால் விலகுங்கள். ரசீதோடு வாங்குங்கள். பேரிங்கைப் போடும் நேரம் வரை அதன் உறையைப் பிரிக்க வேண்டாம்.

கப்பை மாற்றுதல்

ஹப்பின் உள்ளே பார்த்தால் கப்பின் பின் விளிம்பு தெரியும்படி வெட்டுகள் இருக்கும். அங்கே கம்பியின் முனையை வைத்து, ஒரு முறை இந்தப் பக்கம், மறுமுறை எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றித் தட்டினால் கப் நேராக வெளியே வரும். ஒரே பக்கம் அடித்தால் கோணிக்கொண்டு ஹப்பைக் கீறும்.

புதுக் கப்பைப் போடுமுன் அது உட்காரும் இடத்தைத் துடைத்துச் சொரசொரப்பில்லாமல் செய்யுங்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தால் கப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐஸ் அறையில் சில மணி நேரம் வையுங்கள். ஹப்பை நல்ல வெயிலில் வையுங்கள். ஒன்று சுருங்கி மற்றொன்று விரிவதால் பொருத்துவது எளிதாகும். கேஸ் தீயால் சுட வேண்டாம்.

கப்பின் அகன்ற வாய் ஹப்பின் வெளிப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். இரு கப்புகளுக்கும் இதுவே விதி. பழைய கப்பின் வெளி விளிம்பைச் சாணைக்கல்லில் சிறிது தேய்த்துக் குறைத்துக்கொண்டால், அதையே புதுக் கப்பின் மேல் வைத்து மேலிருந்து தட்டலாம். சுற்றிலும் சமமாகத் தட்டுங்கள். கப் அடிவரை உட்கார்ந்ததும் தட்டும் ஓசை மாறி 'கிண்' என்று கெட்டியாகக் கேட்கும். உருளைகள் ஓடும் பரப்பில் ஒரு அடிகூடப் படக் கூடாது.

கிரீஸ் அடைத்தல்

சேசிஸ் கிரீஸ் வேறு, சக்கர பேரிங் கிரீஸ் வேறு. சூட்டைத் தாங்கும் லித்தியம் வகை, 2ஆம் எண் கெட்டியுள்ள கிரீஸ் ஏற்றது. பழைய கிரீஸோடு வேறு வகை கிரீஸைக் கலக்கக் கூடாது. கலந்தால் இளகி ஓடிவிடும். முழுவதும் கழுவிவிட்டே புதியதைப் போட வேண்டும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். இடது உள்ளங்கையில் எலுமிச்சம்பழம் அளவு கிரீஸை வைத்துக்கொண்டு, கோனின் அகன்ற ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். உருளைகளுக்கு இடையே புகுந்து மறுபக்கம் கிரீஸ் புழுவாக எட்டிப் பார்க்கும் வரை அழுத்த வேண்டும். சுற்றி வந்து எல்லா உருளைகளுக்கும் இப்படிச் செய்யுங்கள். மேலே பூசினால் மட்டும் போதாது. ஹப்பின் உட்குழியில் மூன்றில் ஒரு பங்கு கிரீஸ் போதும். முழுவதும் அடைத்தால் கிரீஸே கலங்கிச் சூடேறும்.

முதலில் உள் பேரிங்கை வையுங்கள். பிறகு புதுச் சீலை, அதன் வில் உள்ள பக்கம் ஹப்பின் உட்பக்கம் பார்க்கும்படி வைத்து, மேலே மரக்கட்டை கொடுத்துச் சமமாகத் தட்டுங்கள். சீலின் உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

நட்டை இறுக்கும் முறை

அச்சு முனையைத் துடைத்து, மெல்லிய கிரீஸ் பூசி, ஹப்பை நேராக ஏற்றுங்கள். கோணலாக ஏற்றினால் சீலின் உதடு கிழியும். வெளி பேரிங், வாஷர், நட்டு என்று வரிசையாகப் போடுங்கள். நட்டு மரையில் கையாலேயே ஓட வேண்டும்.

இப்போது நிதானம் தேவை. ஒருவர் ஹப்பைச் சுற்றிக்கொண்டே இருக்க, மற்றவர் நட்டை ஸ்பானரால் இறுக்க வேண்டும். ஹப் சுற்றுவது கனக்கும் வரை இறுக்குங்கள். உருளைகள் தத்தம் இடத்தில் படிவதற்காக மட்டுமே இந்த இறுக்கம். படிந்ததும் நட்டை முழுவதும் தளர்த்துங்கள். பிறகு ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு, வெறும் விரலால் நட்டைத் திருகுங்கள். விரல் பலத்துக்கு எங்கே நிற்கிறதோ அதுதான் அளவு.

அந்த இடத்தில் நட்டின் வெட்டும் அச்சின் துளையும் நேர்ப்படாவிட்டால், அடுத்த வெட்டு வரை தளர்த்துங்கள். துளைக்காக ஒரு நூல்கூட மேலே இறுக்க வேண்டாம். ஹப் தங்குதடையின்றிச் சுற்ற வேண்டும். அசைத்தால் இருக்கிறதா இல்லையா என்று ஐயப்படும் அளவு ஆட்டம் இருக்கலாம். அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் சரி. ஓடும்போது சூட்டில் பாகங்கள் விரியும். விரிய இடம் வேண்டுமென்றுதான் இந்தச் சிறு தளர்ச்சி. இரட்டை நட்டு உள்ள அச்சில், வெளி நட்டை இறுக்கிய பிறகு ஆட்டத்தை மறுபடியும் சோதித்துவிட்டு வாஷரின் காதை மடக்க வேண்டும்.

புது ஸ்பிளிட் பின்னைச் செருகி, கால்களைப் பிரித்து நன்றாக மடக்குங்கள். பின் இல்லாத நேரத்தில் ஆணியையோ கட்டுக்கம்பியையோ செருகி ஒப்பேற்ற வேண்டாம். மூடியைப் பொருத்திச் சக்கரத்தை மாட்டுங்கள். சக்கர நட்டுகளை எதிரெதிராக, குறுக்கே மாற்றி மாற்றி இறுக்குங்கள். சக்கரம் தரையில் இறங்கிய பிறகு கடைசி இறுக்கம் கொடுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

வெறும் வண்டியாக ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி ஹப்பின் சூட்டைப் பாருங்கள். வெதுவெதுப்புக்கு மேல் போனால் அன்றே பிரித்து நட்டைச் சரிபாருங்கள். சரியாக இருந்தால் பாரம் ஏற்றி முதல் நடை போய் வந்ததும் சூட்டையும் சக்கர நட்டுகளையும் மறுபடி சோதியுங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கரத்தைத் தூக்கி ஆட்டம் பாருங்கள். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை, அறுவடைக்கு முன் கழற்றிக் கழுவிக் கிரீஸ் போட்டால் போதும். சேற்றிலும் தண்ணீரிலும் அதிகம் இறங்கும் வண்டிக்கு ஆண்டுக்கு இரு முறை.

கழுவிய டீசலை வரப்பிலோ கிணற்றடியிலோ ஊற்றாதீர்கள். பழைய டப்பாவில் சேர்த்து வைத்து, பழைய ஆயில் வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம்.

இந்த முறை டிரெய்லருக்கும் டயர் மாட்டு வண்டிக்கும் பொருந்தும். டிராக்டரின் பின் அச்சு பேரிங் வேறு வகை. அதற்குத் தனிக் கருவிகளும் பயிற்சியும் வேண்டும். அதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே முறை. டிரெய்லரில் ஆட்களை ஏற்றிச் செல்வது சட்டப்படி குற்றம் என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பேரிங் உடைந்தால் நெல் மூட்டை சிந்தினால் அள்ளலாம். உயிரை அள்ள முடியாது.

அன்று இரவு நடந்த பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பாரம் ஏற்றிக் கிளம்பிய வண்டி முதல் ஊரைத் தாண்டியதும் ஓரமாக நிற்கும். தம்பி மகன் இறங்கி, இரு பக்க ஹப்புக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு ஏறுவான். ஒரு நிமிடம்கூட ஆகாது. பெரியவர்கள் கடையாணியைத் தொட்டுப் பார்த்த வழக்கம்தான் அது.